பழைய காரில் பிக்கப் குறைந்தால் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் வரி சேர்ந்து வரும் விலை பலருக்கு எட்டாத உயரம். அதனால் இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய கொரொல்லா, சன்னி, சிவிக், மாருதி எல்லாம் கொழும்பில் இன்னும் தினமும் வேலைக்குப் போய் வருகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை: "அக்சிலரேற்றரை மிதிச்சாலும் கார் இழுக்குதில்லை."

இதற்குக் காரணம் ஒரு டசினுக்கு மேல் இருக்கலாம். பல கராஜ்களில் நடப்பது என்னவென்றால், முதலில் பிளக் மாற்றுவார்கள். சரிவராவிட்டால் த்ரொட்டில் பொடி (எஞ்சினுக்குள் காற்றை விடும் வாசல்) கழுவுவார்கள், பிறகு இன்ஜெக்டர், பிறகு பெற்றோல் பம்ப். ஒவ்வொன்றுக்கும் பணம் கரைகிறது, குறை அப்படியே இருக்கிறது. எதை வாங்குவதற்கும் முன்னால் அளந்து பாருங்கள். காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, எஞ்சினைத் திறக்கும் முடிவு வரை படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: குறை எப்போது வருகிறது?

ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போதா, ஒரு மணி நேரம் ட்ரஃபிக்கில் நின்று சூடான பிறகா? மெதுவாகப் போகும்போது நன்றாக இருந்து வேகம் எடுக்கும்போது மட்டும் மூச்சுத் திணறுகிறதா? மழை நாளில் அதிகமா? கடைசியாகப் பெற்றோல் அடித்த பிறகா? ஒரே நாளில் வந்ததா, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்ததா?

பாதிப் பதில் இதிலேயே கிடைத்துவிடும். மழையில் மட்டும் வருவது பெரும்பாலும் மின்பொறி சம்பந்தப்பட்டது. பெற்றோல் அடித்த மறுநாள் வந்தால் எரிபொருளைச் சந்தேகியுங்கள். மேட்டில் ஏறும்போதும் உயர் வேகத்திலும் மட்டும் சோர்ந்தால் எரிபொருள் போதாமலோ, புகைவழி அடைபட்டோ இருக்கலாம். மாதக்கணக்கில் வந்ததென்றால் அடைப்பு அல்லது தேய்மானம்.

அடுத்து ஓர் அளவுகோல் வேண்டும். ஞாயிறு விடிகாலையில் ட்ரஃபிக் இல்லாத ஒரு நேரான சமதளப் பாதைக்குப் போங்கள். பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் டாஷ்போர்டைப் படமெடுக்கட்டும். இரண்டாம் கியரில் 20 கிலோமீற்றர் வேகத்திலிருந்து அக்சிலரேற்றரை முழுதாக மிதித்து 50 வரை போங்கள். ஆட்டோ கியர் என்றால் டி-யிலேயே செய்யலாம். ஏசி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை. எடுத்த நேரத்தை வீடியோவில் எண்ணிக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் இதே பாதையில், இதே முறையில் திரும்பச் செய்து பார்த்தால்தான் வித்தியாசம் உண்மையா, காசு கொடுத்ததால் வந்த மனநிறைவா என்று தெரியும்.

660, 800 சிசி எஞ்சின்களில் ஏசி போட்டால் இழுவை நன்றாகவே குறையும், அது இயல்பு. 1500 சிசி காரில் ஏசி போட்டதும் கார் தள்ளாடினால் அது இயல்பில்லை. ஏசி கம்ப்ரசர் இறுகியிருக்கலாம், அல்லது எஞ்சின் ஏற்கனவே பலவீனமாக இருந்து ஏசி அதைக் காட்டிக்கொடுக்கலாம்.

இரண்டாம் படி: எஞ்சினா, சக்கரமா?

இது தெரியாமல் மேலே போகக் கூடாது. எஞ்சினில் சக்தி பிறக்கவில்லையா, பிறந்த சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா?

மனுவல் கார் என்றால் நான்காம் கியரில் 45 போல் போய்க்கொண்டிருக்கும்போது அக்சிலரேற்றரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி மேலே போய், வேகமுள் அப்படியே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினைத் தொடவே வேண்டாம். இரண்டு முள்ளும் சேர்ந்து மெதுவாக ஏறினால் எஞ்சின் பக்கம், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆட்டோவில் கியர் ஒயிலின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். கருத்து, எரிந்த வாடை வந்தால் கியர்பொக்ஸ் தெரிந்தவரிடம் போக வேண்டும். சிவிடி (படிக் கியர் இல்லாத ஆட்டோ) கார்களுக்கு அதற்கென்றே உள்ள ஒயில்தான். வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள்.

இனி பிரேக். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் இரவில் வெளியே நிற்கும் கார்களுக்கு இது தனிக் கவனம் வேண்டிய விஷயம். உப்புக்காற்றில் பிரேக் கலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகும், ஹேண்ட் பிரேக் கேபிளும் உறைக்குள் இறுகும். காலை எடுத்தாலும் பிரேக் முழுதாக விடாது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் இருக்கும் ஓர் ஐயாவின் எஃப்பி14 சன்னிக்கு இப்படித்தான் ஆனது. ஒரு கராஜில் பிளக், த்ரொட்டில் கழுவல், இன்ஜெக்டர் கழுவல் எல்லாம் முடித்து பில்லும் கட்டிவிட்டார். "தம்பி, கார் பாரமா இருக்கு, யாரோ பின்னாலை பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றார். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனேன். மூன்று சக்கரம் வெதுவெதுப்பு. பின் இடது சக்கரத்தில் இரண்டு விரற்கடை தூரத்திலேயே சூடு அடித்தது, ட்ரம் பக்கமிருந்து கருகிய வாடையும் வந்தது. ஜக் போட்டு உயர்த்திக் கையால் சுற்றினால் அரைச் சுற்றுக்கூடப் போகவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் ஒன்றை மாற்றினார், பிரச்சினை முடிந்தது. இந்தச் சோதனைக்குக் காசே தேவையில்லை. ஒன்று மட்டும்: தகட்டையோ ட்ரம்மையோ நேராகத் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கும். முன்பு இருந்ததைவிடப் பெரிய டயர் போட்டிருந்தாலும் பிக்கப் குறையும்.

மூன்றாம் படி: பொனெட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பது

பழைய கார்களில் அக்சிலரேற்றர் ஒரு கேபிள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் உள்ளே இருந்து மிதியை முழுதாக அழுத்தட்டும். எயார் பில்டர் குழாயைக் கழற்றி த்ரொட்டிலின் வட்டத் தகட்டைப் பாருங்கள். அது முழுதாகத் திறந்து விளிம்பு தெரிய நிற்க வேண்டும். கேபிள் தளர்ந்தோ, மிதிக்குக் கீழே தடித்த காபெற் போட்டோ இருந்தால் முக்கால்வாசிதான் திறக்கும். அவ்வளவு சின்ன விஷயம்தான், ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

எயார் பில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒளி தெரியாவிட்டால் மாற்றுங்கள். பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வீதியோரம் நிற்கும் கார்களில் அது அபூர்வமில்லை. பில்டரிலிருந்து த்ரொட்டில் வரை போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காற்றை அளக்கும் சென்சருக்குப் பிறகு வெடித்திருந்தால் அளவில் வராத காற்று உள்ளே போகும், கலவை கெடும்.

தெர்மோஸ்டாட்டையும் இங்கேயே கேட்டுவிடுங்கள். "எங்கட சூட்டுக்கு இது தேவையில்லை" என்று கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம்மூரில் உண்டு. எஞ்சின் தன் வேலை வெப்பத்துக்கு வராவிட்டால், காரின் கணினி அதைக் குளிர் எஞ்சின் என்று நினைத்து அதிக பெற்றோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். கார் மந்தமாகும், பெற்றோலும் குடிக்கும். கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள்.

நான்காம் படி: கையில் ஏற்கனவே இருக்கும் புகைப் பரிசோதனை அறிக்கை

வருமான அனுமதிப்பத்திரத்துக்காக வருடா வருடம் எடுக்கும் அந்தத் தாளைப் பெரும்பாலோர் வாசிப்பதே இல்லை. பெற்றோல் காருக்கு அதில் கார்பன் மொனொக்சைட், ஹைட்ரோகார்பன் என்று இரண்டு அளவுகள் இருக்கும். கார்பன் மொனொக்சைட் கூடினால் பெற்றோல் அதிகமாக, காற்றுக் குறைவாக எரிகிறது. ஹைட்ரோகார்பன் மட்டும் தாவியிருந்தால் பெற்றோல் எரியாமலே வெளியே போகிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி தவறுகிறது. இரண்டு மூன்று வருடத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாஸ் ஆகியிருந்தாலும், போன வருடத்தைவிட எந்த எண் ஏறியிருக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. தயவுசெய்து அந்தத் தாள்களை எறியாதீர்கள்.

ஐந்தாம் படி: ஸ்கேனர்

காரின் கணினி பதிந்து வைத்த கோளாறுக் கோட்களை வாசிக்கும் கருவி இது. சின்ன புளூடூத் கருவி ஒன்றை வாங்கி கைப்பேசியில் பார்க்கலாம். ஒரு சிக்கல்: ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய கார்களில் ஸ்கேனர் செருகும் பதினாறு முனைத் துளை இருந்தாலும் மலிவுக் கருவி பேசாமல் போகலாம். அப்படியென்றால் அந்த மொடலுக்கு ஏற்ற ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள். 110 கொரொல்லா காலத்து டொயோட்டாக்களில் பொனெட்டுக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியில் டிஇ1 (TE1), இ1 (E1) என்ற இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்து சாவியை ஓன் பண்ணினால், எஞ்சின் விளக்கு மினுங்கி மினுங்கிக் கோட் எண்ணைச் சொல்லும். துளைப் பெயரை மூடியின் உட்பக்கத்தில் சரிபார்த்த பிறகே இணையுங்கள்.

கோட்டை மட்டும் பார்த்துப் பொருள் வாங்க ஓடாதீர்கள். பி0171 என்றால் கலவையில் பெற்றோல் குறைவு என்றுதான் அர்த்தம், ஒட்சிசன் சென்சர் கெட்டது என்று அர்த்தமில்லை. பி0300 முதல் பி0304 வரை பொறி தவறுவதைச் சொல்லும், கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைக் காட்டும் (0 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் இல்லை). எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மினுங்கினால் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். எரியாத பெற்றோல் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் (புகைவழியில் நச்சைக் குறைக்கும் பாகம்) போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

உண்மையான பயன் நேரலை எண்களில் இருக்கிறது. அதில் ஃபியூவல் ட்ரிம் முக்கியம். கணினி தன் கணக்குக்கு மேல் எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது காட்டும். பூச்சியத்தைச் சுற்றி 5 வரை ஏறி இறங்குவது சாதாரணம். நீண்டகால ட்ரிம் கூட்டல் 10-க்கு மேல் போனால் எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை, கணினி இழுத்துப்பிடித்துச் சமாளிக்கிறது.

இப்போது இரண்டு நிலையில் பாருங்கள். ஐட்லிங்கில் (அக்சிலரேற்றரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ட்ரிம் உயர்ந்து, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் இறங்கி வருகிறது என்றால், எங்கோ ரப்பர் குழாய் அல்லது கஸ்கெற் வழியாகக் காற்றுக் கசிகிறது. ஐட்லிங்கில் சரியாக இருந்து, ஓட்டத்தில் சுமை ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெற்றோல் வரத்துக் குறைவு, அல்லது காற்றளவு சென்சர் அழுக்காகிக் குறைத்துச் சொல்கிறது. நல்ல 1500 சிசி எஞ்சின் சூடான ஐட்லிங்கில் ஏசி இல்லாமல் வினாடிக்குச் சுமார் 2 கிராம் காற்று எடுக்கும். அதைவிட நன்றாகக் குறைவாகக் காட்டினால் சென்சரைக் கழற்றி, அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள். கார்பரேற்றர் கிளீனரோ துணியோ பட்டால் சென்சருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி போய்விடும்.

த்ரொட்டில் பொடி கழுவுவதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அழுக்கு த்ரொட்டில் ஐட்லிங்கைக் கெடுக்கும், காலை வைத்ததும் திக்கச் செய்யும். முழுதாக மிதித்தும் கார் இழுக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அது இல்லை.

ஆறாம் படி: பொறி

பிளக்குகளைக் கழற்றி, எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே ஒரு துணியில் வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு நல்லது. காய்ந்த கரிப்பொடி படிந்தால் பெற்றோல் அதிகம். ஈரமான ஒயில் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது. வெளுத்துச் சுண்ணாம்பு போல் இருந்தால் பெற்றோல் குறைவு அல்லது அதிக வெப்பம். நான்கும் ஒரே மாதிரி இருந்தால் காரணம் பொதுவானது. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தச் சிலிண்டரை மட்டும் தேடுங்கள். அதன் கொயிலை (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். குறையும் கூடவே இடம் மாறினால் கொயில்தான் குற்றவாளி.

டிஸ்ட்ரிபியூட்டர் (மின்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடுவது) உள்ள கார்களில் அதன் மூடியைத் திறந்து உள்ளே வெண்பொடி, மயிரிழை போன்ற கரிக்கோடுகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒக்ரோபர், நவம்பர் பின்னேர மழையில் கார் திக்கினால் இரவில் வெளிச்சமில்லாத இடத்தில் எஞ்சினை ஓட விட்டு, பிளக் வயர்கள் மேல் தண்ணீரை மெல்லிய தூறலாக ஸ்ப்ரே செய்யுங்கள். வயரைச் சுற்றி நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். கையை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

அண்மையில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் போட்டிருந்தால், அல்லது டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு பிக்கப் போனதென்றால், டைமிங்கை (பொறி விழும் நேரம்) லைட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 110 கொரொல்லாவின் 5ஏ எஞ்சினில் டிஇ1, இ1 இணைத்த நிலையில் 10 பாகை இருக்க வேண்டும். பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்திருந்தாலும் எஞ்சின் ஓடும், ஆனால் இழுக்காது.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பொருள் வாங்கும்போது பழைய பொருளையும் சேசிஸ் எண்ணையும் கையோடு கொண்டுபோங்கள். இரிடியம் பிளக்கில் போலிகள் நிறைய, விலை மிகக் குறைவாகச் சொன்னால் விலகி வந்துவிடுங்கள். சென்சர், கொயில் போன்றவற்றில், பெயர் தெரியாத புதிய பெட்டிப் பொருளைவிட அதே பாக எண் உள்ள பழைய ஜப்பான் பொருள் நல்லது என்பதே என் அபிப்பிராயம்.

ஏழாம் படி: பெற்றோல்

92-க்குச் செய்த எஞ்சினில் 95 அடித்தால் பிக்கப் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. ஒக்டேன் எண் என்பது தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், சக்தியின் அளவில்லை. மேட்டில் எஞ்சின் கணகணவென்று தட்டினால் மட்டும் 95 ஒரு தடவை அடித்துப் பாருங்கள். தட்டல் நின்று பிக்கப்பும் திரும்பினால், எஞ்சினுக்குள் கரி படிந்திருக்கலாம் அல்லது டைமிங் முந்தியிருக்கலாம்.

தண்ணீர் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனிப் படையாக நிற்கும், துரு இருந்தால் அதற்கும் கீழே செம்மண் நிறத்தில் படியும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசைக் காலத்தில் கலன்களில் சேமித்து ஊற்றிய கார்களிலும், மாதக்கணக்கில் பெற்றோலில்லாமல் நின்ற கார்களிலும் தொட்டிக்குள் இந்தத் துரு இன்னும் இருக்கலாம். அது பம்பின் அடி வலையை அடைத்தால் ஊருக்குள் கார் நன்றாக ஓடி, ஹைவேயில் 80-ஐத் தாண்டும்போது மட்டும் மூச்சு வாங்கும்.

அடைப்பை உறுதிப்படுத்த அழுத்தமானி வேண்டும். கராஜில் செய்வதே நல்லது, சூடான எஞ்சின் மேல் பெற்றோல் சிந்தினால் ஆபத்து. 121 கொரொல்லா, விற்ஸ் போன்றவற்றில் வரும் 1என்செட் எஞ்சினுக்கு 304 முதல் 343 கிலோபாஸ்கல் வரை இருக்க வேண்டும். ஐட்லிங்கில் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல விடாதீர்கள், ஆர்பிஎம் ஏற்றும்போதும் அழுத்தம் விழாமல் நிற்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் பம்பை மாற்றும் முன் அதன் வயரில் பற்றரிக்குக் கிட்டிய வோல்டேஜ் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த ஏர்த் முனை ஒன்று நல்ல பம்பையும் சோம்பேறியாக்கும்.

எட்டாம் படி: புகைவழி

கார் 3000 ஆர்பிஎம் வரை வந்து அதற்கு மேல் போக மறுத்தால், சைலன்சரிலிருந்து வரும் காற்றும் பலவீனமாக இருந்தால், கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சந்தேகியுங்கள். இன்டேக்கில் வெற்றிடமானி பொருத்திப் பார்ப்பது எளிய வழி. நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குல பாதரசம் காட்டும். 2500-இல் பிடித்து வைத்திருக்க, முள் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் வழி அடைபட்டிருக்கிறது. ஒட்சிசன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி வைத்தால், 2500-இல் 3 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்க வேண்டும்.

அடைபட்டதென்றால் உள்ளே இருப்பதைக் குத்தி எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த நச்சு முழுதும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் நின்று சுவாசிக்கும் காற்றில்தான் கலக்கும். அது ஏன் அடைபட்டது என்பதையும் கண்டுபிடியுங்கள். பொறி தவறலோ ஒயில் எரிதலோ தொடர்ந்தால் புதியதும் அடைபடும்.

ஹைபிரிட்டுக்கும் டீசலுக்கும் சுருக்கமாக. பிரியஸ், அக்வா போன்றவற்றில் பின் இருக்கை அருகே உள்ள பற்றரி விசிறியின் வலையைத் தூசு நீக்குங்கள். பற்றரி சூடானால் கணினி மோட்டாரின் உதவியைக் குறைத்துவிடும். டீசல் வேனில் டீசல் பில்டர், அதன் தண்ணீர் வடிகால், டர்போ குழாய் வெடிப்பு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். சுமையில் கறுப்புப் புகை கக்கினால் காற்று குறைவு. புகையே இல்லாமல் சோர்ந்தால் டீசல் குறைவு.

ஒன்பதாம் படி: கம்ப்ரெஷன்

இத்தனைக்கும் பிறகு காரணம் கிடைக்காவிட்டால்தான் சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் இந்தச் சோதனை. எஞ்சின் சூடாக, எல்லாப் பிளக்கும் கழற்றி, பெற்றோலும் பொறியும் துண்டித்து, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, பிளக் துளையில் அழுத்தமானி பொருத்தி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பற்றரி நல்ல நிலையில் இல்லாவிட்டால் அளவு பொய்யாகும். இந்த வகைப் பெற்றோல் எஞ்சின்கள் நல்ல நிலையில் 12, 13 பார் காட்டும். 10-க்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்கிடையே 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ எஞ்சின் தேய்ந்திருக்கிறது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். வால்வ் என்றால் ஹெட்டை மட்டும் இறக்கிச் செய்துகொள்ளலாம்.

ரிங் போயிருந்தால் எஞ்சினைத் திறந்து செய்வதா, ரீகண்டிஷன் எஞ்சின் (வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த எஞ்சின்) போடுவதா என்ற முடிவு வரும். ரீகண்டிஷன் எஞ்சின் வாங்கினால் கடையிலேயே அதற்கும் இதே கம்ப்ரெஷன் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள், முறையான பில்லும் வாங்குங்கள். எஞ்சின் எண் மாறினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், பில் இல்லாமல் அங்கே வேலை நகராது.